பொம்பெயா, ஹெர்குலேனியமா, ஓஸ்தியாவா? பழைய ரோமானிய நகரம் பார்க்க ஒரே ஒரு நாள் இருந்தால்

இத்தாலி பயணத்துக்குத் திட்டம் போடும்போது ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று எழுதிவிட்டு, மிச்சமாகும் ஒரு நாளில் பொம்பெய் என்று சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பொம்பெய் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரோமில் தங்கிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி, பொம்பெயில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு ராத்திரி திரும்புவதை விட, ரோமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓஸ்தியாவை நிதானமாகப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. பொம்பெய்க்குப் பக்கத்து நகரமான நேப்பிள்ஸில் ஒரு இரவு தங்க முடிந்தால் கதை வேறு. அப்போது பொம்பெயோடு ஹெர்குலேனியத்தையும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

பொம்பெயும் ஹெர்குலேனியமும் கி.பி. 79-இல் ஒரே வெடிப்பில் புதைந்தவை. வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது காற்று தென்கிழக்காக வீசியதால் பொம்பெய் மீது மணிக்கணக்கில் நுரைக்கல்லும் சாம்பலும் கொட்டின, பாரம் தாங்காமல் கூரைகளும் மாடிகளும் இடிந்து விழுந்தன, மறுநாள் காலை வந்த கொதிக்கும் சாம்பல் அலை மிச்சமிருந்தவர்களைக் கொன்றது. மலைக்கு மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் பெரிதாக எதுவும் விழவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அதே மாதிரிக் கொதிக்கும் சாம்பல் அலை ஒன்று நேராக அங்கே இறங்கியது, அடுத்தடுத்து வந்த அலைகள் ஊரைச் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் மூடி, பிறகு பாறை மாதிரி இறுகிப்போயின. அந்தச் சூட்டில் மரம் எரிந்து சாம்பலாகக் காற்று கிடைக்கவில்லை, கரியாகி அப்படியே நின்றுவிட்டது. இன்று இரண்டு ஊரும் இவ்வளவு வேறுபட்டுத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பொம்பெயின் பலம் அதன் அளவு. மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை. ஊரின் பொதுச் சதுக்கமான மன்றம், கோயில்கள், குளியல் கூடங்கள், இரண்டு நாடக அரங்குகள், வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் பதிந்த கல் தெருக்கள், தெருவைக் கடக்கப் போட்ட மிதிகற்கள், திருகைக் கற்களோடு நிற்கும் ரொட்டிக்கடைகள், சூடான சாப்பாடு விற்ற கல் மேடைக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு ஊர் எப்படி இயங்கியது என்பது நடந்தாலே புரிகிறது. கி.மு. 70 வாக்கில் கட்டிய வட்டரங்கம் கிழக்கு மூலையில் நிற்கிறது, கல்லில் கட்டியவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று. கூட்டம் பெரும்பாலும் மன்றத்தைச் சுற்றியே நிற்பதால் அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். பழைய நுழைவாயிலான போர்த்தா மரீனாவில் நுழைந்ததும் எல்லாரும் போகும் திசையில் போகாமல், முதலில் விசாலமான வீடு ஒன்றைப் பாருங்கள். வெத்தி சகோதரர்களின் வீடு பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023-இல் திறந்தது. சுவரோவியம் இன்னும் இடத்திலேயே இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் என் முதல் தேர்வு.

இறந்தவர்களின் வார்ப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1863-இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி, உடல் மக்கியபின் சாம்பலில் மிஞ்சிய வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த முறை அது. குனிந்த முதுகும் முகத்தை மூடிய கையும் அப்படியே தெரியும். செல்ஃபி எடுக்க ஏற்ற இடமில்லை, தயவுசெய்து.

குறைகளும் உண்டு. வெயில் காலத்தில் நிழல் கிடையாது, கல் தெரு காலை வாங்கும், நல்ல ஓவியங்களிலும் தரைப்படங்களிலும் பெரும்பகுதி நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அலெக்சாண்டர் போர்க்களத் தரைப்படம் கிடைத்த வீட்டில் இப்போது இருப்பது நகல்தான். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பும் வைத்துவிட்டார்கள், டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் சீசனில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

ஹெர்குலேனியத்தில் தோண்டிய பகுதி மொத்தமே ஐந்து ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். மிச்சம் இன்றைய எர்கொலானோ நகரத்தின் அடியில் கிடக்கிறது. ஆனால் அந்தச் சின்ன இடத்தில் பொம்பெயில் பார்க்க முடியாததைப் பார்க்கலாம்: மாடி அறை, மர உத்தரம், கதவு, ஒரு வீட்டின் கூடத்தை மறைத்து நிற்கும் மடக்குத் தடுப்பு, எல்லாம் கரியாகி நிற்கும் நிஜ மரம். மரச்சட்டத்தில் பலர் குடியிருக்க மலிவாகக் கட்டிய வீடு ஒன்றும் தப்பியிருக்கிறது. நெப்டியூன் வீட்டின் கண்ணாடித்துண்டுச் சுவர்ப்படம் நீலமும் பச்சையுமாக இன்றும் பளிச்சென்று இருக்கிறது, பக்கத்துக் கடையில் ஜாடிகள் அடுக்கிய மரத்தட்டுகூட நிற்கிறது. உள்ளே நுழையும்போது மேலிருந்து ஊரை முழுதாகப் பார்த்துக்கொண்டே இறங்குவீர்கள், தோண்டிய குழியைச் சுற்றி நிற்கும் சுவரின் உயரத்தைப் பார்த்தால்தான் புதைந்த ஆழம் மனதில் ஏறும்.

கீழே பழைய கடற்கரையில் படகுக் கொட்டில்கள் இருக்கின்றன. 1980-களில் இங்கே சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்தன, படகு வரும் என்று காத்திருந்தவர்கள். அதற்கு முன்புவரை ஊர் முழுக்கத் தப்பித்துவிட்டது என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஊருக்குச் சற்று வெளியே இருந்த ஒரு மாளிகையில் கரியான சுருள் ஏடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றைப் பிரிக்காமலே எக்ஸ்-கதிர் படமெடுத்துக் கணினி வழியாக எழுத்தைப் படிக்கும் வேலை 2023-இல்தான் பலன் தர ஆரம்பித்தது.

வழி சுலபம். நேப்பிள்ஸிலிருந்து சொரென்தோ போகும் சர்க்கம்வெசுவியானா ரயில் இரண்டு ஊருக்கும் போகும். ஹெர்குலேனியத்துக்கு எர்கொலானோ ஸ்காவி ஸ்டேஷன், சுமார் 20 நிமிடம், அங்கிருந்து கடல் பக்கமாக ஒரே நேர்த் தெருவில் பத்து நிமிட நடை. பொம்பெய் ஸ்காவி - வில்லா தே மிஸ்தேரி இன்னும் கொஞ்ச தூரம், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே வாசல். பெயரைச் சரியாகப் பாருங்கள், பொம்பெய் என்ற பெயரோடு வேறு ஸ்டேஷன்களும் இருக்கின்றன. நேப்பிள்ஸ் மெயின் ஸ்டேஷனை ஒட்டிய கரிபால்தியில் ஏறாமல் ரயில் கிளம்பும் போர்த்தா நோலானாவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கூட்டம் அதிகம், பர்ஸ் பத்திரம். காலையில் திறந்ததும் பொம்பெய், மதியத்துக்கு மேல் திரும்பும் வழியில் ஹெர்குலேனியம் என்று வைத்துக்கொண்டால் நடை வீணாகாது.

இதே ரயில் தடத்தில் காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவும் வருகிறது. நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, கப்பலோடு மக்களைக் காப்பாற்ற வந்து இந்த வெடிப்பில் உயிர்விட்டது அந்த ஸ்தாபியாவில்தான். 1938-இல் பொம்பெய் வீடு ஒன்றில் இந்திய யானைத் தந்தப் பெண் சிலை ஒன்றும் கிடைத்தது, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, ஓஸ்தியா. ரோமின் துறைமுக நகரம். எரிமலை எதுவும் மூடவில்லை, மண் தூர்ந்து கடல் விலகி ஜனங்கள் மெல்லக் கைவிட்ட ஊர். அதனால் பளிங்கை எல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், பொம்பெய் அளவுக்கு ஓவியமும் கிடையாது. ஆனால் சாதாரண ஜனங்கள் வாடகைக்கு இருந்த பல மாடிச் செங்கல் குடியிருப்புகளை இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம், பணக்கார வீடாகவே பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அரங்கத்துக்குப் பின்னால் கப்பல் வணிகர்களின் அலுவலகங்கள் சுற்றி நிற்கும் சதுக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கல்லில் கப்பல், கலங்கரை விளக்கம், தானிய அளவை என்று படம் பதித்திருக்கிறார்கள். இன்றைய லிபியாவில் இருந்த சப்ராத்தா ஊர்க்காரர்கள் தங்கள் வாசலில் யானை போட்டிருக்கிறார்கள். ரோம் மெட்ரோவில் பிரமிதே இறங்கி, பக்கத்துப் போர்த்தா சான் பவுலோ நிலையத்தில் கடற்கரை ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரம், சாதாரண நகர டிக்கெட்டே போதும். குடைப் பைன் மரங்களின் நிழல் நிறைய.

பொம்பெய்க்கு ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் வரையே ஒரு மணி பத்து நிமிடம், அப்புறம் மாறி ஏற வேண்டும், போக வர அரை நாள் ரயிலிலேயே போய்விடும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் யோசிக்காமல் ஓஸ்தியா, சமதரை. அம்மா அப்பாவைப் பொம்பெய்க்கே கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால் வட்டரங்கப் பக்க வாசலில் நுழையுங்கள், சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி அமைத்த பாதை அங்கிருந்து தொடங்குகிறது. கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓஸ்தியாவுக்குத் திங்கள் விடுமுறை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று இடத்திலும் நுழைவு இலவசம்தான், ஆனால் பொம்பெய்க்கு அன்றைக்குப் போக வேண்டாம்.