அண்ணன் கடை ஜெராக்ஸ் மெஷின்: லீவில் முடித்த ஒரு லீஸ் கணக்கு

மஸ்கட்டிலிருந்து மூன்று வார லீவு. கோவையில் இறங்கி, வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்குப் போனால், அண்ணன் முகமே சரியில்லை. ஜெராக்ஸ் கடைக்கு 36 மாத லீஸில் எடுத்த கலர் மெஷினை 20 மாதத்தில் திருப்பி அனுப்பியிருந்தார். மாத வாடகை 7,500 ரூபாய். மீதி 16 மாத வாடகை 1,20,000 ரூபாயையும், அதற்கு ஜிஎஸ்டியையும் கேட்டு லீஸ் கம்பெனியின் நோட்டீஸ் வந்திருந்தது.

"மெஷினைத்தான் கொடுத்துட்டேனே தம்பி, இன்னும் என்ன?" என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெஷின் போனாலும் ஒப்பந்தம் நிற்கிறது. கடை அண்ணனின் தனிப் பெயரில் இருப்பதால், கடைக் கடனும் அவர் கடனும் ஒன்றுதான். வீடு, சேமிப்பு எல்லாம் அதற்குள் வரும். அதைவிடக் கவலை, அண்ணியும் ஜாமீன் போட்டிருந்தார். 1872 ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அண்ணிக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். எங்கள் சித்தூர் தாலுகாவில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். தனியார் பத்திரத்தில் அந்த வசதி இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மறுநாள் பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பொறுமையாக ஒவ்வொரு பக்கமும் படித்தார். பின்தேதியிட்டுக் கொடுத்த செக்குகளை பேங்கில் நிறுத்தி வைக்கலாமா என்று அண்ணன் கேட்டதும் அவசரப்பட வேண்டாம் என்றார். செக் திரும்பினால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் செக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு வரலாம். அது தனித் தலைவலி.

அப்புறம் அவர் காட்டியது ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் நஷ்டஈடு இல்லை என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நம் மெஷினை அவர்கள் வேறு கடைக்கு வாடகைக்கு விட்டால், 16 மாத வாடகையும் எப்படி நஷ்டமாகும்? இதை வைத்துப் பதில் எழுதினோம். மெஷினை எடுத்துப் போன அன்று ஆள் கையெழுத்திட்ட ரசீதையும், மீட்டர் எண்ணிக்கையின் போட்டோவையும் அண்ணன் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவி.

இரண்டு வாரம் போன் பேச்சு. கடைசியில் நான்கு மாத வாடகை 30,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி உண்டு என்று 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் 18 சதவீதம் சேர்ந்து 35,400. டெபாசிட் 22,500 கழித்து 12,900 கட்டினோம்.

பணம் கட்டும் முன்பே வக்கீல் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார்: பாக்கி இல்லை என்ற சான்று, மீதி செக்குகள், அண்ணியின் ஜாமீன் ரத்தான கடிதம். செக்குகள் வந்தன, சான்று வந்தது. ஜாமீன் கடிதம் மட்டும் வராமல் இழுத்தது. நான் கிளம்பும் நாள் காலையில் கூரியரில் வந்தது. அண்ணிக்கு அதைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.