எர்பார்மே டிஷ் மட்டும் போதுமா, முழுசாக உட்காரணுமா?

பரோக் காலத் (ஐரோப்பாவில் சுமார் 1600-1750) தேவாலயக் கூட்டிசைக்குள் வருபவர்கள் பெரும்பாலும் துண்டுகள் வழியாகத்தான் வருகிறார்கள். ஹேண்டலின் மெசையாவில் அல்லேலூயா, விவால்டியின் குளோரியாவில் அந்தத் துள்ளும் முதல் பகுதி, பாக்கின் மத்தேயு பாடுகளில் (மத்தேயு நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பக் கதைக்கான இசை) எர்பார்மே டிஷ் ('இரங்கும்' என்று கெஞ்சும் தனிக்குரல் பாட்டு). நானும் அப்படி வந்தவன்தான், அதனால் துண்டு கேட்பவர்களை மட்டமாகப் பேசப் போவதில்லை. ஆனால் எந்தப் படைப்பு துண்டாக நறுக்கினாலும் தாங்கும், எது தாங்காது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

விவால்டியை முதலில் முடித்துவிடலாம். மொத்தமே 12 பகுதிகள், அரை மணி நேரம். இதைப் போய் எதற்கு நறுக்குவது? முதல் பகுதியின் ஆர்ப்பாட்டம் முடிந்த கையோடு இரண்டாவது பகுதி மெதுவாக, கனத்த மனசோடு தொடங்கும். அதைக் கேட்காதவருக்கு விவால்டி வெறும் உற்சாகப் பேர்வழியாகவே இருந்துவிடுவார்.

மெசையா துண்டைத் தாங்கும். 1742இல் டப்ளினில் முதன்முதலாக அரங்கேறிய பிறகு, பாடகர்களுக்கு ஏற்றபடி ஹேண்டலே அதை மாற்றிக்கொண்டேதான் இருந்தார். அல்லேலூயாவைத் தனியாகக் கேட்டாலும் புல்லரிக்கும், சரி. ஆனால் நம் ஊர் சர்ச்சுகளில் கிறிஸ்துமஸுக்குப் பாடுகிறோமே, அது இருப்பது இரண்டாம் பாகத்தின் கடைசியில், சிலுவைச் சாவும் உயிர்த்தெழுதலும் முடிந்த பிறகு. டிம்பனி முரசு அதுவரை ஒரு தட்டுகூடத் தட்டியிருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்த முரசு அங்கேதான் முதல் தடவையாக அதிரும். தனித் துண்டில் முரசு இருக்கும், அந்தக் காத்திருப்பு இருக்காது.

பாக்கிடம்தான் சிக்கல். எர்பார்மே டிஷ்ஷைத் தனியாகக் கேட்டால் ஒரு வயலினும் ஒரு பெண் குரலும் (சில பதிவுகளில் ஆண் குரல்) உருகுகிற அழகான சோகப் பாட்டு. முழுசாகக் கேட்கும்போதோ, அதற்கு முந்தின நிமிடத்தில் சேவல் கூவியிருக்கும், சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்திருப்பான், கதை சொல்லும் பாடகர் 'மனங்கசந்து அழுதான்' என்ற இடத்தில் குரலை இழுத்து இழுத்து அழவைத்திருப்பார், அந்த அழுகை அடங்குவதற்குள் வயலின் தொடங்கிவிடும். அப்போது அது யாரோ பாடும் சோகப் பாட்டு இல்லை, நாமும் அந்த முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டு நின்ற மாதிரி இருக்கும்.

இன்னொன்று: ஒரே பாமாலை மெட்டு இந்தப் படைப்பில் ஐந்து இடங்களில் வருகிறது. கடைசித் தடவை இயேசு உயிர்விட்ட உடனே. ஏற்கனவே நான்கு முறை கேட்டுப் பழகியவருக்கு அந்த ஐந்தாவது முறை என்ன செய்யும் என்று தொகுப்பு ஆல்பத்தில் ஒன்றை மட்டும் கேட்பவருக்கு எப்படிச் சொல்வது?

துண்டுக் கட்சிக்கும் ஒரு பலமான சாட்சி உண்டு. மறந்தே போயிருந்த இந்தப் படைப்பை 1829இல் பெர்லினில் மீட்டு எடுத்தாரே மெண்டெல்சோன், இருபது வயதில், அவரே நிறைய ஆரியாக்களை (தனிக்குரல் பாட்டுகளை) வெட்டித்தான் நடத்தினார். அந்த வெட்டுப்பட்ட மத்தேயுதான் பாக்கைத் திரும்பக் கொண்டுவந்தது!

நடுவழி ஒன்று இருக்கிறது. தனிப்பாட்டாக எடுக்காமல் தொடர்ச்சியாக ஒரு நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கின் பி மைனர் மாஸில் (திருப்பலி வழிபாட்டுச் சொற்களுக்கான இசை) க்ரூசிஃபிக்ஸுஸ், அதாவது 'சிலுவையில் அறையப்பட்டார்': நான்கே தாள அளவு கொண்ட ஒரு கீழ்ஸ்தாயி வரி 13 முறை திரும்பத் திரும்ப வந்து, குரல்கள் மெல்லக் கீழே இறங்கிக் கல்லறைக்குள் வைத்த மாதிரி அடங்கும். அடுத்த நொடி 'உயிர்த்தெழுந்தார்' என்று டிரம்பெட்டுகளோடு வெடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏழெட்டு நிமிடம்தான். இலவச ஆப்பில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். எனக்கு அந்த இடைவெளியில் சரியாக ஒரு பெயின்ட் விளம்பரம் வந்தது.

மத்தேயுவுக்கு நேரமில்லை என்றால் இரண்டாம் பாகத்தை மட்டுமாவது விடாமல் கேளுங்கள். நான் முதல் தடவை சமைத்துக்கொண்டேதான் போட்டிருந்தேன். ரோம ஆளுநர் பிலாத்து, இயேசுவா, பரபாஸ் என்ற கைதியா, யாரை விடுதலை செய்யட்டும் என்று கேட்கிறான். கூட்டம் மொத்தமும் 'பரபாஸ்' என்று ஒரே ஒரு சொல், ஒரே ஒரு கோரமான அடி, மூன்று நொடிகூட இருக்காது. கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எந்தத் தொகுப்பு ஆல்பத்திலும் அந்த மூன்று நொடியைத் தனிப் பாட்டாகப் போட்டு நான் பார்த்ததில்லை.