அடிக்கடி பறப்பவருக்கு எந்த எல்லை எளிது?

வேகம் மட்டும் போதும் என்றால் சிங்கப்பூர்தான். 2024 முதல் வெளிநாட்டவர்கள் முன்பதிவு இல்லாமலே தானியங்கி வாயிலில் நுழையலாம். பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு கேமராவைப் பார்த்தால் முகமும் கருவிழியும் சரிபார்க்கப்படும். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வந்துவிடும். இறங்கும் முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை ஆன்லைனில் இலவசமாக நிரப்ப வேண்டும். எத்தனை முறை போனாலும் இதிலிருந்து விலக்கு இல்லை, அதுதான் எரிச்சல்.

முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளை எல்லையில் வேகமாக உள்ளே விடும் அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டம் நேர் எதிர். 120 டாலர் கட்டணம், பின்னணி விசாரணை, நேர்காணல் எல்லாம் தாண்டினால் 5 வருடத்துக்கு நிம்மதி. நிராகரித்தால் பணம் திரும்ப வராது. சில நாட்டவருக்கு மட்டும்தான். இந்தியர்களுக்கு 2017 முதல் உண்டு. விசாவுக்கு இது மாற்று அல்ல. அங்கே உள்நாட்டு விமானங்களிலும் பறப்பவர் என்றால் வாங்கலாம், ஏனென்றால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை வேகமாக முடிக்கும் பிரீசெக் வசதியும் கூடவே வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்குத் தேவையில்லை.

ஐரோப்பாவில் நாமாகத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. 2025 அக்டோபர் 12 அன்று 29 நாடுகளில் படிப்படியாகத் தொடங்கிய இ.இ.எஸ். (நுழைவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியும் முறை), குறுகிய காலம் தங்க வரும் வெளியாருக்குக் கட்டாயம். முதல்முறை முகப் படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். ஷெங்கன் விசாவுக்கு ஏற்கெனவே ரேகை கொடுத்தவருக்கு முகம் மட்டும். கடைசியாக வெளியேறியதிலிருந்து 3 வருடம் பதிவு இருக்கும். அதனால் அடிக்கடி போகிறவருக்கு அடுத்தடுத்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. ஆனால் முதல்முறை வருபவர்களும் அதே வரிசையில் நின்றால் அந்த லாபம் காணாமல் போய்விடும்.

இதன் உண்மையான கடுமை வரிசையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதி பழையதுதான். மங்கிய முத்திரைகளைப் புரட்டி அதிகாரி எண்ணிய காலம் போய், இப்போது இயந்திரம் எண்ணுகிறது. மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை 60 நாள் இருந்தவர் ஜூலை 1 மறுபடி நுழைந்தால் ஜூலை 30-க்குள் கிளம்பியாக வேண்டும். வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். வெளியேறியது பதிவாகாமல் போனால், கெடு தாண்டித் தங்கியவராகத்தான் திரையில் தெரிவீர்கள். அதை மறுக்க விமான டிக்கெட் போன்ற ஆதாரம் வேண்டும். அதனால் போர்டிங் பாஸைக் கொஞ்ச காலத்துக்குத் தூக்கிப் போடாதீர்கள்.