பேச்சுத் தாமதமும் பாலினமும்: கை-வர்க்கமா, ஃபிஷரா?

இரண்டு வயதில் ஐம்பது சொற்கள்கூடப் பேசாத குழந்தையைப் பேச்சுத் தாமதம் உள்ளதாகக் கணக்கிடுவது வழக்கம். இது சிறுமிகளைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. நம் கையிலுள்ள சிறிய தரவும் அதைக் காட்டுகிறதா என்று சோதிக்க எந்தப் புள்ளியியல் சோதனையைத் தேர்ந்தெடுப்பது?

கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை-வர்க்கச் சோதனை எளிது. பாலினத்துக்கும் தாமதத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், சிறுவர்-சிறுமி, தாமதம் உண்டு-இல்லை என்ற நான்கு கட்ட அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்து, உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறது. ஆனால் அது தரும் விடை தோராயமானது. இப்படிக் கணித்த எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் கீழே போனால் நம்ப முடியாது என்பது வழக்கமான விதி.

ஃபிஷர் துல்லியச் சோதனை தோராயத்தை நாடுவதில்லை. வரிசை, நெடுவரிசைக் கூட்டுத்தொகைகளை மாற்றாமல், சாத்தியமான எல்லா அட்டவணைகளின் நிகழ்தகவையும் எண்ணிவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 20 சிறுவர்களில் 8 பேருக்கும் 20 சிறுமிகளில் 2 பேருக்கும் தாமதம் என்று கொள்வோம். தாமதம் உள்ள இரு கட்டங்களிலும் எதிர்பார்ப்பு தலா ஐந்து, விதியின் விளிம்பு. கை-வர்க்கம் 4.8, பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் குறைந்தது இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் நிகழ்தகவு) 0.028. வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே இருப்பதால் வேறுபாடு உண்டு என்கிறது. இருபக்க ஃபிஷரோ (எந்தத் திசை வேறுபாட்டையும் எண்ணுவது) 0.065 தருகிறது, 0.05 எல்லைக்குக் கீழே வரவில்லை; வேறுபாடு உண்டு என்று சொல்ல மறுக்கிறது. அதே நாற்பது குழந்தைகள், இரண்டு தீர்ப்புகள்!

ஃபிஷர் சற்று அதிகமாகவே தயங்கும் என்பது உண்மை. இருந்தும் இவ்வளவு சிறிய குழுவில் நான் ஃபிஷரையே எடுப்பேன், எந்தச் சோதனை என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்துவிட்டு. நூற்றுக்கணக்கில் குழந்தைகள் இருந்தால் கை-வர்க்கமே போதும். ஒரு குழந்தை இன்னொன்றைச் சாராதது என்றே இரண்டு சோதனைகளும் கொள்வதால், இரட்டையர்களைத் தனித்தனியாக எண்ணினால் மட்டும் இரண்டுமே தவறிவிடும்.