லினக்ஸ் லேப்டாப்பே வைஃபை கொடுக்கட்டும்: மூன்று வழிகளில் எது?

எங்கள் மாடி அறைக்குக் கீழ்வீட்டு ரவுட்டரின் சிக்னல் எட்டாது. ஒரே ஒரு லேன் கேபிள் மேலே வருகிறது. அது உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பில் செருகியிருக்கிறது. அந்த லேப்டாப்பையே வைஃபை கொடுக்க வைத்தால் போனுக்கும் நெட் கிடைக்குமே என்று மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்: உபுண்டுவில் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் ஹாட்ஸ்பாட், ஹோஸ்ட்ஏபிடி–டிஎன்எஸ்மாஸ்க் (hostapd, dnsmasq) என்ற புரோகிராம் ஜோடி, கிரியேட்ஏபி (create_ap) ஸ்கிரிப்ட்.

எந்த வழியானாலும் முதலில் லேப்டாப்பின் வைஃபை கார்டைப் பாருங்கள். டெர்மினலில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) அடித்தால் வரும் நீளமான விவரத்தில், கார்டுக்குத் தெரிந்த மோடுகளில் ஏபி, அதாவது ரவுட்டர் போல வைஃபை கொடுக்கும் மோடு, இருக்க வேண்டும். இல்லையா, தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் ஏபி மோடு உள்ள யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிவிடுங்கள். இன்டெல் கார்டுகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைக் கார்டே அக்கம்பக்கத்து ரவுட்டர்களை வைத்து முடிவு செய்துகொள்ளும். பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் ஏபி தொடங்க விடாது. 2.4-இல் மல்லுக்கட்டாமல் வேலை செய்யும்.

சரி, நெட்வொர்க்மேனேஜர். க்னோம் செட்டிங்ஸில் வைஃபை பக்கம் போய் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால் முடிந்தது. போனுக்கு ஐபி முகவரி கொடுப்பது, போனின் நெட்டை லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் 'நாட்' போடுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரி வரும். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் ஹாட்ஸ்பாட் தானாகத் திரும்பி வராது என்பதுதான் பலரும் சொல்லும் குறை. நெட்வொர்க்மேனேஜரின் டெர்மினல் கட்டளையான என்எம்சிஎல்ஐயில் (nmcli) அந்த ஹாட்ஸ்பாட் இணைப்புக்கு ஆட்டோகனெக்ட்டை 'யெஸ்' ஆக்கினால் அந்தக் குறையும் போய்விடும். பாஸ்வேர்டை க்யூஆர் கோடாகத் திரையிலேயே காட்டும், விருந்தாளிக்கு எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டாம்.

ஹோஸ்ட்ஏபிடி அப்படியல்ல. அது வைஃபை சிக்னலையும் பாஸ்வேர்டு சரிபார்ப்பையும் மட்டும் கவனிக்கும். போனுக்கு ஐபி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் வேண்டும், போனிலிருந்து வரும் பாக்கெட்டைக் கேபிள் பக்கம் தள்ள ஐபி ஃபார்வர்டிங்கும், முன்பு சொன்ன நாட்டைப் போடும் மாஸ்கரேட் விதியும் வேண்டும். ஒவ்வொன்றிலும் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். நெட்வொர்க்மேனேஜர் கார்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஹோஸ்ட்ஏபிடி கிளம்பவே இல்லை; அந்தக் கார்டைத் தொடாதே என்று அதனிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் டிஎன்எஸ்மாஸ்க் அடம்பிடித்தது: அதற்கு வேண்டிய 53-ஆம் போர்ட்டில், தளப் பெயர்களுக்கு முகவரி தேடும் உபுண்டுவின் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. டிஎன்எஸ்மாஸ்க்கை வைஃபை இன்டர்ஃபேஸுக்கு மட்டும் கட்டிப் போட்டபின் அடங்கியது. கடைசியில் போன் இணைந்தும் நெட் வரவில்லை. புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை முன்பு நிறுவியபோது, அது ஃபயர்வாலின் ஃபார்வர்டு பாலிசியை டிராப் ஆக்கி, கடந்து போகும் பாக்கெட்டுகளைத் தடுத்து வைத்திருந்தது, அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது.

இத்தனை பாட்டுக்கும் பலன் இல்லாமல் இல்லை. சேனல், நாட்டுக் குறியீடு, எந்தக் கருவியை உள்ளே விடுவது என்ற மேக் முகவரிப் (கருவியின் வைஃபை அடையாள எண்) பட்டியல் எல்லாம் நம் கையில் இருக்கும். பிரிண்டருக்கு மாறாத ஐபி கொடுப்பது டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரே வரி. ஒரு போன் ஏன் இணைய மறுக்கிறது என்று லாக் பார்த்துத் துருவவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. திரையே இல்லாமல் மூலையில் ஓடும் பெட்டிக்கு இதைத்தான் போடுவேன்.

கிரியேட்ஏபி உள்ளுக்குள் அதே ஜோடியைத்தான் ஓட்டுகிறது; நான் ஞாயிறு முழுக்கச் செய்ததை ஒரே கட்டளையில் செய்துவிடும். மூல ஸ்கிரிப்டை எழுதியவர் பராமரிப்பதை விட்டுவிட்டார், லினக்ஸ்-வைஃபை-ஹாட்ஸ்பாட் என்ற கிளைதான் இப்போது வளர்கிறது. கேபிளே இல்லாமல், வைஃபையில் வரும் நெட்டை அதே கார்டு வழியாகவே திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் மூன்றில் இதுதான் சுலபம். க்னோம் ஹாட்ஸ்பாட்டில் அந்த முயற்சி செய்தால் இருக்கிற வைஃபை இணைப்பும் அறுந்துவிடும். ஆனால் பல கார்டுகளில் இரண்டும் ஒரே சேனலில்தான் ஓட முடியும். ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். லாட்ஜ் அறையில் ஓர் இரவுக்குப் போதும்.

மாடி அறையில் இப்போது ஓடுவது நெட்வொர்க்மேனேஜர்தான், ஆட்டோகனெக்ட் போட்டு. மூடியை மூடினால் தூங்கப் போகும் பழக்கத்தை மட்டும் மூடியைக் கவனிக்கும் லாஜின்ட் (logind) சேவையின் செட்டிங்கில் நிறுத்த வேண்டியிருந்தது.