பேக்லைன் வாடகைக்கு எடுக்கும் குழுக்கள் கவனத்துக்கு: முன்பே மாற்றி வைத்த ஸ்பீக்கருக்கு எங்கள் டெபாசிட் போன கதை

சுற்றுப்பயணத்தில் பேக்லைனை, அதாவது மேடையில் நமக்குப் பின்னால் நிற்கும் ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டிகளை, வாடகைக்கு எடுக்கும் ராக் குழுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பழுதை மூடி மறைத்து சாமானைக் கொடுப்பது, அது நம் கையில் சாகும்போது டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வது என்று ஒருவர் தொழில் நடத்துகிறார். அவரிடம் நாங்கள் மாட்டினோம். எங்களுக்கு முன்னால் இன்னொரு குழுவும் இதே ஸ்பீக்கர் கேபினட்டுக்காக, இதே காரணம் சொல்லப்பட்டு, பணத்தை விட்டிருக்கிறது.

சொந்த ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப்பின் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, ஆம்ப் மட்டுமான பெட்டி) ஒன்றே 35 கிலோவுக்கு மேல். அதற்கு ஜோடியான 810 கேபினட், அதாவது பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய பெட்டி, 60 கிலோவைத் தாண்டும். 32 கிலோவுக்கு மேல் கனமான பெட்டியைப் பெரும்பாலான விமானங்களில் பயணிச் சுமையாக ஏற்ற மாட்டார்கள். ஆகவே கிட்டார், பேஸ், பெடல்போர்டு மட்டும் கையோடு வரும். மற்றது போகிற இடத்தில் வாடகைக்கு. 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் எஸ்விடியை மேடையேற்றிய காலத்திலிருந்து, ராக் பேஸ் என்றால் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் இந்த 300 வாட் ஆம்ப்தான் என்று நினைக்கிற ஒரு கூட்டம் உண்டு. எங்கள் பேஸ்காரர் அதில் தீவிர உறுப்பினர்.

நான் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சாமான் பொறுப்பும் என் தலையில்தான். ரைடரில், அதாவது என்னென்ன சாமான் வேண்டும் என்று முன்கூட்டியே அனுப்பும் பட்டியலில், தெளிவாகவே எழுதியிருந்தேன்: எஸ்விடி ஹெட், அதற்கான 810 கேபினட், எனக்கு 100 வாட் மார்ஷல் ஹெட், நாலு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினட், எதிலும் ஸ்பீக்கர் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. "எல்லாம் ஒரிஜினல், எல்லாம் சர்வீஸ் செய்தது" என்று எழுத்திலேயே பதில் வந்தது.

சாமான் வந்து இறங்கியது சவுண்ட்செக் (நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சோதிப்பது) தொடங்க வேண்டிய நேரத்தில். அப்போது போக்குவரத்துத் தாமதம் என்றுதான் நினைத்தோம். இன்னொரு குழுவுக்கும் இப்படித்தான் கடைசி நிமிடத்தில் இறங்கியது என்று கேள்விப்பட்ட பிறகு, இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க நேரம் கொடுக்காமல் இருப்பதும் வாடகைக்கு விடுபவரின் தந்திரத்தில் ஒரு பகுதி.

முதலில் என் பக்கம். கிட்டாரைக் கையில் பிடித்தபடி மைக் அருகே வாயைக் கொண்டுபோனதும் உதட்டில் சுள்ளென்று ஒரு கடி. ஹெட்டின் மின் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் எர்த் பின்னை அடியோடு வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆம்ப்பில் ஹம் சத்தம் வந்தால், காரணத்தைத் தேடிச் சரிசெய்யச் சோம்பல்பட்டு எர்த்தை வெட்டிவிடுவது பழைய குறுக்குவழி. ஹம் அடங்கிவிடும். ஆனால் உள்ளே ஏதாவது கசிந்தால் அந்த மின்சாரம் கிட்டார் கம்பி வழியாக நம் கைக்கு வரும், மைக் வழியாக வெளியேறும், நடுவில் நாம். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சீயில் மேடையிலேயே இறந்தது சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால்தான். சாமான் கொண்டுவந்த ஆளிடம் அந்த ப்ளக்கைக் காட்டினேன். "ஹம் வரும்னு எடுத்திருப்பாங்க அண்ணே" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்ததுபோல. அந்த ஹெட்டை ஓரம் தள்ளிவிட்டு, முன்னால் வாசித்த குழுவின் ஆம்ப்பைக் கெஞ்சி வாங்கி வாசித்தேன். இந்த ஒன்றுக்கு மட்டுமே ஒரு பதிவு எழுதலாம். பணத்தகராறு பேஸ் பக்கத்தில் நடந்தது.

இரண்டு மூன்று பாட்டு வரை சரியாகத்தான் போனது. அப்புறம் தாழ்ந்த சுரங்களில் ஒரு கரகரப்பு. பேஸ்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் கேபினட்டின் இடது கீழ் மூலையிலிருந்து சூடான வார்னிஷ் வாசனை. மீதி நிகழ்ச்சிக்கு, ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமலே பேஸின் ஒலியை அனுப்பும் டிஐ பெட்டியிலிருந்து நேரே மிக்ஸருக்குக் கொடுத்துச் சமாளித்தோம். பார்வையாளர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கு மேடையில் பேஸே கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்பாளரின் ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வீடியோ எடுத்தபடியே முன்வலையைக் கழற்றினேன். ஏழு ஸ்பீக்கர்களின் திருகுகள் ஒரே மாதிரி, தூசி படிந்து, தொடாமல் இருந்தன. இடது கீழ் மூலை ஸ்பீக்கரின் திருகுகள் மட்டும் தலை மழுங்கி, ஒன்று வேறு அளவில். ஸ்பீக்கரின் கோனை (கூம்பை) இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே மணலை அரைப்பதுபோல ஒரு உராய்வு. வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) வெந்து வீங்கி காந்தத்தில் உரசுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்தேன். பின்புற ஸ்டிக்கரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள், ஆனால் சட்டத்தில் மார்க்கர் பேனாவால் "8" என்று எழுதியிருந்ததை அழிக்க மறந்துவிட்டார்கள். கம்பியைப் பிரித்து மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தேன்: 6 ஓம் சுமார். பக்கத்து ஸ்பீக்கரையும் பிரித்து அளந்தால் 20க்கு மேல் காட்டியது.

810 கேபினட்டின் உள்கணக்கு தெரிந்தவர்களுக்கு இதுவே போதும். அதில் இருக்கும் எட்டு ஸ்பீக்கரும் ஒவ்வொன்றும் 32 ஓம். எல்லாம் பேரலலில் (பக்க இணைப்பில்) சேர்ந்து 4 ஓம் ஆகும். 4 ஓம் நிலையில் வைத்த எஸ்விடி எதிர்பார்ப்பதும் அதைத்தான். இந்த 32 ஓம் ஸ்பீக்கர் சாதாரணக் கடையில் சுலபமாகக் கிடைக்காது. கிடைக்கிற 8 ஓம் ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் மாட்டினால் இரண்டு விபரீதம். மொத்தத் தடை 4 ஓமிலிருந்து கிட்டத்தட்ட 2.9 ஓமுக்கு இறங்கி ஆம்ப்பின் மூச்சை வாங்கும். அதைவிட மோசம், எட்டில் ஒன்றாக இருக்க வேண்டிய அந்த ஒற்றை ஸ்பீக்கர் மற்றவற்றைப்போல நான்கு மடங்கு சக்தியை இழுத்துக்கொள்ளும். 300 வாட் போகிறது என்றால் சரியான பெட்டியில் ஆளுக்கு 37 வாட் சொச்சம். இந்தப் பெட்டியில் ஏழு பேருக்கு 27 வாட், அந்த ஒரு மட்டமான ஸ்பீக்கருக்கு 109 வாட். யார் வாசித்தாலும், எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும், முதலில் வேகப்போவது அதுதான்.

எஸ்விடி ஹெட்டின் ஃபியூஸ் மூடியையும் திறந்து பார்த்தேன். உள்ளே எப்போதோ போன ஃபியூஸ் ஒன்று, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. அதாவது அடுத்ததாக ஏதாவது தவறினால் ஃபியூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் போகும். அதற்கும் ஒரு குழுவிடம் பில் நீட்டியிருப்பார்கள்.

ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டி, வீடியோவையும் அளவுகளையும் அன்றிரவே வாடகைக்கு விட்டவருக்கு அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் வந்தார். "தம்பி, அஞ்சு கம்பி பேஸைப் போட்டு அடிச்சா எந்த ஸ்பீக்கர்தான் தாங்கும்?" சாதாரண பேஸுக்கு நாலு கம்பி; ஐந்தாவது கம்பி இன்னும் தாழ்ந்த சுரத்துக்கு, அதன் அடிச்சுரம் 31 ஹெர்ட்ஸ். எஸ்விடி 810இல் ஐந்து கம்பி பேஸ் வாசிக்காத ராக் மேடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதைச் சொன்னதும் வாதம் மாறியது. எங்கள் ஸ்பீக்கரைத் திருடிக்கொண்டு வேறு ஒன்றை நீங்கள்தான் மாட்டி வைத்தீர்கள் என்றார். நிகழ்ச்சி முடிந்த மேடையில், நாற்பது நிமிடத்துக்குள், அதே அளவு 8 ஓம் ஸ்பீக்கரை எங்கிருந்து கொண்டுவருவோம் என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அமைப்பாளர் நடுவில் புகுந்து பேசியதில் டெபாசிட்டில் பாதி வந்தது. மீதிக்குக் கேட்டால் இன்றுவரை பதில் இல்லை. இதைத் தெரிந்தவர்களிடம் புலம்பியபோதுதான் இன்னொரு குழுவின் பேஸ்காரர் தன் படங்களை அனுப்பினார். அதே கேபினட் எண், அதே இடது கீழ் மூலை, அதே ஐந்து கம்பி வசனம். அவர்களிடம் வாங்கிய பணத்தில் போட்டதுதான் எங்கள் கையில் வெந்த அந்த 8 ஓம் ஸ்பீக்கர் போலிருக்கிறது.

ஆம்பெக்கையோ மார்ஷலையோ இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் அவை பல பத்தாண்டுகள் உழைக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் மல்டிமீட்டரும், இரண்டு முனையிலும் ப்ளக் உள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டை இணைப்பதற்கு முன் கேபிளின் ஒரு முனையைக் கேபினட்டில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வைத்தால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மீட்டர் காட்டும் எண் பெட்டியில் அச்சிட்ட ஓமை விடக் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. 4 ஓம் பெட்டி 3, 3.5 என்று காட்டினால் கவலையில்லை. 2ஐ ஒட்டி இருந்தால் உள்ளே வேற்று ஸ்பீக்கர் இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் வால்வு ஆம்ப்பை அதில் மாட்டவே மாட்டாதீர்கள், சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும். எண்ணைப் படம் எடுத்து, சாமான் கொண்டுவந்த ஆளுக்கே அங்கேயே அனுப்பிவிடுங்கள். அவர்கள் தரும் ஸ்பீக்கர் கேபிளையும் பாருங்கள். எங்களுக்கு வந்தது மெல்லிய கிட்டார் கேபிள், அதுவும் 300 வாட் ஹெட்டுக்கு.

வாடகைக்கு விட்டவரின் பெயரை இங்கே போடவில்லை. சாமானின் அடையாளம் சொல்கிறேன்: கறுப்பு 810, பின்புறச் சக்கரம் ஒன்று மற்றதைவிடச் சிறியது, மேல் வலது மூலையின் இரும்புக் காப்பு இல்லை, இடது கீழ் ஸ்பீக்கரின் திருகுகள் மழுங்கியவை. இந்தப் பெட்டி லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் மீட்டரை வைத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.