பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

போன தை மாதம் 4,60,000 ரூபாய் கொடுத்து 2016 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று வாங்கினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கரூருக்குக் காய்கறி லோடு அடிக்கத்தான். அம்மாவின் நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணம் எடுத்தும் சேர்த்த காசு அது. மூன்று மாதம் முடிவதற்குள் வண்டி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டியைக் காட்டியவர் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர். நானும் தம்பியும் போன நேரத்தில் அப்போதுதான் வாட்டர் சர்வீஸ் முடித்து நிறுத்தியிருந்தார். பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது, கீழே ஒரே சேறு. "காலையில ஒரு லோடு இறக்கிட்டு வந்தேன் தம்பி, ஏறி ஓட்டிப் பாருங்க" என்றார். ஓட்டினேன். நன்றாக இழுத்தது, கிளட்ச் வழுக்கவில்லை, கியர் சத்தம் இல்லை. சூடான இன்ஜினில் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை தெரியாமல் போய்விடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. என் நேரம், இன்ஜின் நல்லதாகவே அமைந்தது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

பேப்பர் விஷயத்தில் நான் அசட்டையாக இருக்கவில்லை. வண்டி விவரம் காட்டும் அரசாங்க எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஆர்சியில் ஃபைனான்ஸ், அதாவது வண்டி மேல் கடன், ஏறியிருந்தது. கடன் முடிந்தது என்ற என்ஓசியும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன். பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் ஓனர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஒப்பிட்டேன். டிராஃபிக் அபராத செலான் பாக்கி எதுவும் இல்லை. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, இன்னும் ஏழு மாதம் இருந்தது. என்னை ஏமாற்றியது அந்த எஃப்சிதான் என்று சொல்வேன். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும், எடுத்த வண்டி என்றால் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். எடுத்த அன்று வண்டி இருந்த நிலைக்குத்தான் அது சான்று. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அது என்ன லோடு சுமந்தது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

பங்குனியில் ஒரு விடியற்காலை. தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு வேடசந்தூர் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். பின்னால் படீரென்று சத்தம். லோடு ஏற்றும் பாடி இடது பக்கம் சாய்ந்து கேபின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பைக்கில் யாரும் வராதது கடவுள் புண்ணியம்.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் சேஸில் இருந்த கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே பழைய வெல்டிங். கேபினுக்குப் பின்னால், பாடி ஆரம்பிக்கும் இடத்தில், ஏற்கெனவே விட்ட விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டி, கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் உறுதி குறைந்துபோகும். அதனால் ஒட்டிய கோடு அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் பிளந்திருந்தது. பின் ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளை அடுக்கியது. அதில் இரண்டு பக்கமும் கம்பெனி பட்டைக்கு மேல் கூடுதலாக இரண்டிரண்டு பட்டை. அளவுக்கு மேல் லோடு ஏற்றுகிறவர்கள் செய்கிற வேலை அது. பட்டை கூடினால் ஸ்பிரிங் வளைந்து கொடுக்காது, குழியில் விழும் அடி முழுவதும் சேஸுக்குப் போகும். அந்தக் கூடுதல் பட்டையை வாங்கும்போதே நான் பார்த்தேன். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு போட்டது" என்று புரோக்கர் சொன்னதை நம்பினேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இரண்டு பக்கமும் பிளேட் வைத்துக் கட்டி, பாடியை இறக்கி ஏற்றி, 74,000 ரூபாய் ஆனது. பதினெட்டு நாள் ஓட்டம் இல்லை. புரோக்கருக்கு போன் செய்தால், "பாத்துதானே தம்பி எடுத்தீங்க, டெலிவரி நோட்டுல கையெழுத்து இருக்கே" என்றார். எடுத்துப் படித்தேன். 'நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சாக்கு, டார்ச், பழைய துணி எடுத்துப் போங்கள். வண்டியை வெளியே காய்ந்த சமதரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு அடியில் படுத்து, இரண்டு பக்க சேஸையும் உள்பக்கம் வெளிப்பக்கம் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். கேபின் முடியும் இடம், பின் பட்டையைப் பிடிக்கும் பிராக்கெட் பக்கம் எல்லாம் நிதானமாக. எட்டு வருஷ வண்டியில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக மினுக்கினால் சாவியால் சுரண்டுங்கள். கூடுதல் பட்டை இருந்தால் என்ன லோடு அடித்த வண்டி என்று கேளுங்கள். கூட வந்தவரை நேர் ரோட்டில் ஓட்டச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முன் சக்கரத் தடத்திலிருந்து பின் சக்கரம் விலகிக் கோணலாக ஓடினால் சேஸோ ஆக்சிலோ வளைந்திருக்கலாம். இன்ஜின் பார்க்க முதல் நாளே சொல்லாமல் விடியற்காலையில் போய், பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது.

தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. புரோக்கர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஒட்டன்சத்திரம், பழனி பக்கம் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது, நானே வந்து அடியில் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.